நஞ்சுப் பக்கத்துக்கு ஒரு நற்சான்றிதழ்

கரைத்தீவு,
புத்தளம்.
வியாழன், பகல் ளுஹர் தொழுத கையோடு.

அன்பும் கண்ணியமும் நிறைந்த என் ஒரே தம்பி ஃபாஹிம் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். படைத்தவன் உன்னையும் றைஸாவையும் பிள்ளைகளையும் கத்தார் வெயிலிலிருந்தும், அந்த வெயிலுக்குப் பயந்து நீங்கள் போட்டுவைத்திருக்கும் ஏசிக் குளிரிலிருந்தும் பாதுகாப்பானாக. இவ்விடம் நானும் உன் மச்சானும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக இந்த இடத்தில் ‘நலமாக இருக்கிறோம்’ என்று எழுத வேண்டும். பொய்யை எழுதி அதற்கு முத்திரையும் ஒட்டி அனுப்ப எனக்கு விருப்பமில்லாதபடியால் அந்தச் சொல்லை விட்டுவிடுகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது ராத்தாவுக்கு ஏன் இந்தக் கடிதம் எழுதும் வேலை என்று நீ யோசிப்பாய். ஒன்று, சீல் குத்திய அசல் கடதாசிகளை இத்துடன் வைத்து அனுப்புகிறேன், அவற்றைப் படம் பிடித்து அனுப்பினால் எவரும் மதிக்கமாட்டார்கள். மற்றது, இந்த வீட்டுச் சுவரைப் பற்றி உனக்குத் தெரியும். குசினியில் உப்புக் குறைவென்று முணுமுணுத்தால் முன் அறையில் கேட்கும். முன் அறையில்தான் உன் மச்சான் சாய்மனைக் கதிரையில் சுவரைப் பார்த்தபடி கிடக்கிறார்.

விஷயம் என்னவென்றால் தம்பி, மச்சானின் இணையத்தளம் சிவந்துபோய்விட்டது.

றைஸாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்கும், அவளுக்கும் வாசித்துக் காட்டு. உன் மச்சான் மஸாஹிர் சேர் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்து ஓய்வு பெற்ற அன்றிலிருந்து, எங்கள் களப்பில் இருக்கிற நஞ்சுள்ள உயிர்களுக்கென்று ஒரு இணையத்தளம் நடத்துகிறார். விடியக்காலை சுபஹ் தொழுதுவிட்டு இறங்குதுறைக்குப் போவார். வலைக்காரர்கள் வேண்டாமென்று எறிகிற சொறி எனும் ஜெல்லி மீன், முள்ளு மீன், பந்துபோல் ஊதும் பேத்தை மீன், கடற்பாம்பு எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டுக்கொண்டு வருவார். என்னுடைய வாளிதான். படம் எடுப்பார், அளப்பார், எது குத்தும், எது கடிக்கும், எதைத் தின்றால் மௌத்து, அதாவது சாவு, குத்தினால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதிப் போடுவார். எந்தெந்தத் தேசத்திலோ இருக்கிற பல்கலைக்கழகக்காரர்கள் ‘அன்புள்ள டொக்டர்’ என்று அவருக்கு எழுதுவார்கள். ‘நான் டொக்டர் இல்லை’ என்று மூன்று மொழியிலும் யோசித்து ஒரு மொழியில் பதில் போட இவருக்கு அரை நாள் போகும். தேத்தண்ணி ஆறிப்போய் எறும்பு மிதக்கும். நான் ஏசுவேன். அவர், ‘ஸுஹைரா, எறும்புக்கு நஞ்சு இல்லை, குடிக்கலாம்’ என்பார். இப்படி நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

அப்படியிருக்க, ஒருநாள் அடுத்த வீட்டு ரம்ஸியா வேலிப் பக்கத்தால வந்து, ‘ராத்தா, சேர் வீட்டில இருக்காரா?’ எண்டு மெதுவாக் கேட்டா. ‘ஓம், ஏன்?’ எண்டன். ‘இல்ல, இருக்காரா எண்டுதான் கேட்டன். பொலிஸ் ஒண்டும் வரல்லையே?’ எண்டா. அவட போனக் காட்டினா. மகனுக்குப் பள்ளிக்கூட வேலைக்காக மச்சான்ட பக்கத்தத் தேடி அமத்தியிருக்கா, போன் முழுக்க ரத்தச் சிவப்பு. ‘ஆபத்தான தளம். இதை நடத்துபவர்கள் உங்கள் கடவுச்சொற்களையும் வங்கி அட்டை விபரங்களையும் திருடக்கூடும்’ எண்டு எழுதி, கீழ ‘பாதுகாப்பாகத் திரும்பிச் செல்க’ எண்டு ஒரு பொத்தான். யார தம்பி சொல்றாங்க? கடையில மிச்சக் காசு ஒரு ரூபா கூடத் தந்தா வெயிலுக்குள்ள திரும்பிப் போய்க் குடுத்திட்டு வார இந்த மனிசன! அவருக்கு அவர்ட கடவுச்சொல்லே ஞாபகம் இல்ல, அதையும் நான்தான் சொல்லிக் குடுக்கிறது. ரம்ஸியா நல்லவ, ஆனா பயந்தவ. அவ போனுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதி, தண்ணியில விழுந்த போன வைக்கிற மாதிரி அரிசிக்குள்ள புதைச்சு வெச்சிட்டா. அடுத்த நாள் எடுத்துப் பார்த்தா போன் நல்லாத்தான் இருந்திச்சு, மச்சான்ட பக்கம் மட்டும் அப்பவும் சிவப்பு.

முதல்ல மச்சான் சிரிச்சார். ‘மெஷின்தானே ஸுஹைரா, பிழையா விளங்கியிருக்கும். நஞ்சு, விஷம், மரணம் எண்டு ஒவ்வொரு வரியிலயும் எழுதியிருக்கன், அது பயந்திருக்கும். சொன்னா விளங்கிக்கொள்ளும்’ எண்டு, போன்ல தேடித் தாற அந்தக் கம்பனிக்கு இங்கிலீஷில மரியாதையா ஒரு கடிதம் எழுதினார். பதில் வந்திச்சு. ‘உங்கள் வேண்டுகோளைப் பரிசீலித்தோம். முடிவில் மாற்றமில்லை.’ அவ்வளவுதான். என்ன பிழை எண்டு ஒரு சொல் இல்ல. இவர் இன்னொரு தரம் எழுதினார். அதே பதில், ஒரு எழுத்துக்கூட மாறாம. அதுக்குள்ள ஊர்ல கதை பரவிட்டுது. இவர் கடைக்குப் போனா ஆக்கள் மேசையில இருக்கிற போனக் கவுத்து வைக்கிறாங்க. தேத்தண்ணிக் கடையில ஒருத்தர், அவர்ட பேர எழுதி உன்ட மனசக் கெடுக்க விரும்பல்ல, ‘சேர், பென்சன் வருதுதானே, பிள்ளை குட்டியும் இல்ல, ஏன் ஒங்களுக்கு இந்த வேல?’ எண்டு தோள்ல தட்டிக் கேட்டிருக்கார். நல்லெண்ணத்திலதான் கேட்டிருக்கார், அதுதான் இன்னும் வயித்தெரிச்சல்.

அண்டைக்கு வீட்டுக்கு வந்து கதிரையில இருந்து ஒரு கதை சொன்னார். ‘தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரங்க வந்து முஸ்லிம்கள் எல்லாரும் மன்னார்ல இருந்து வெளிக்கிடுங்க எண்டாங்க. ஏன் எண்டு கேக்க ஆள் இல்ல. இப்பவும் ஏன் எண்டு கேக்க ஆள் இல்ல ஸுஹைரா.’ ஒரு கம்பியூட்டர் பிழைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைச்சன், வாயத் திறந்து சொல்லவும் போனன். அவர்ட முகத்தப் பார்த்திட்டு மூடிக்கொண்டன். அதிலிருந்து அவர் இறங்குதுறைக்குப் போறதில்ல. சாப்பிடக் கூப்பிட்டா வருவார், எழும்பிப் போவார். சோத்துக்கு வெச்ச ஆணத்தில நான் உப்பே போடாம வெச்சுப் பார்த்தன், ஒரு சொல் வரல்ல. அள்ளிப் போட்டும் பார்த்தன். முழு வாழ்க்கையும் ‘வாய மூடுங்க, காது வலிக்குது’ எண்டு சொன்னவள் நான். இப்ப இந்த வீட்டில கோழி கத்துறது மட்டும்தான் கேக்குது, எனக்கு அது பிடிக்கல்ல தம்பி. எனக்கு அவர்ட பழைய தொணதொணப்புத் திரும்ப வேணும். நான் கேக்கிறது அது ஒண்டுதான். அதுக்காகத்தான் நான் வெளிக்கிட்டது.

முதல்ல புத்தளத்துக்குப் போய், போன் கடை அஃப்ராஸப் பார்த்தன். அவர் ஒரு விண்ணப்பப் பக்கத்தத் திறந்து தந்து, வீட்டுக்குப் போய் நிரப்புங்க எண்டார். மச்சான இழுத்துக்கொண்டு வந்து முன்னால இருத்தினன். அது முதல்ல ‘நீங்கள் மனிதர்தானா?’ எண்டு கேட்டுச்சு. தொழுகையாளி ஒருத்தரிட்டக் கேக்கிற கேள்வியா இது? பஸ் இருக்கிற படங்கள மட்டும் அமத்தச் சொல்லிச்சு. ஒரு படத்தில பஸ்ஸுட பக்கக் கண்ணாடி மட்டும் தெரியுது. ‘அமத்துங்க’ எண்டன். ‘ஒரு உறுப்ப மட்டும் வெச்சு இன்னது எண்டு தீர்மானிக்கேலாது’ எண்டார். ‘அது லொறியாவும் இருக்கலாம்’ எண்டு பக்கத்தில போய்ப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியக் கழட்டிப் பார்த்தார், நேரம் முடிஞ்சு புதுப் படங்கள் வந்திட்டுது, இந்த முறை மோட்டார் சைக்கிள். கடைசியில நான்தான் மனிதர் எண்டு நிரூபிச்சன். அடுத்ததா, ‘இந்தத் தளத்தின் உரிமையாளர் நீங்கள்தான் என்பதை உறுதிப்படுத்துங்கள்’ எண்டுச்சு. மச்சான் அதுக்குள்ள எழும்பிப் போய்ச் சுவரப் பார்க்கத் தொடங்கிட்டார். உரிமைய உறுதிப்படுத்துறது எண்டா எங்களுக்குத் தெரியாதா என்ன, நான் அலுமாரியத் திறந்து காணி உறுதிப் பத்திரம், அவர்ட அடையாள அட்டை, கடைசி கரண்ட் பில், எல்லாத்தையும் படம் எடுத்து அனுப்பினன். பிறகு கடைக்குப் போய்ச் சொன்னா, அஃப்ராஸ் தலையில கைய வெச்சார். ‘ராத்தா, அது ஒரு சின்ன ஃபைல் ஏத்துற வேல, உறுதி கிறுதி ஒண்டும் கேக்கல்ல’ எண்டு அவரே ஏத்தியும் தந்தார். அதுக்கும் வந்தது அதே பதில்தான். முடிவில் மாற்றமில்லையாம்.

அப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்திச்சு. இந்த நாட்டில ஒரு ஆள் நல்லவர் எண்டு காட்ட நாம என்ன செய்வம்? ஜீ.எஸ்.ட்டப் போவம். வேலைக்கு விண்ணப்பிக்க, பேங்கில கணக்குத் திறக்க, எல்லாத்துக்கும் கிராம சேவகர்ட நற்சான்றிதழ்தானே. எங்கட ஜீ.எஸ். இப்ப சுஜாந்தி மிஸ். நான் போய், ‘மிஸ், ஒரு நற்சான்றிதழ் வேணும்’ எண்டன். ‘யாருக்கு?’ எண்டா. சொன்னன். பேனைய வெச்சிட்டு என்னையே பார்த்தா. பிறகு, ‘சேர்ட பக்கத்துக்கா? போன வருஷம் என்ட மகளுக்குக் கடல்ல சொறி பட்டுக் கையெல்லாம் தடிச்ச நேரம், எல்லாரும் மண்ணப் போட்டுத் தேய் எண்டாங்க. அந்தப் பக்கத்தப் பார்த்துத்தான் தேய்க்காம விட்டன்’ எண்டு சொல்லிக்கொண்டே படிவத்த எடுத்தா. விண்ணப்பதாரியின் பெயர்: புத்தளம் களப்பு நஞ்சுயிர்கள். ஆணா பெண்ணா எண்ட இடத்தில கொஞ்சம் தடங்கல். நான் ஆண் எண்டன், அவ ஒரு கோடு போட்டா. தொழில் எண்ட இடத்தில ‘எச்சரித்தல்’. நடத்தை, ‘நல்லது’. குற்றச்சாட்டுகள் எதுவும் உண்டா, ‘எனக்குத் தெரிந்த வரையில் இல்லை’. சீல் குத்தித் தந்தா. அதுக்கு மேல பிரதேச செயலகம் எண்ட பெரிய கந்தோர்லயும் ஒரு கையெழுத்து வேணுமெண்டு அங்க போனா, கவுண்டர்ல இருந்தவர் படிவத்த வாசிக்காமலே, ‘விண்ணப்பதாரி நேரில வரணும்’ எண்டார். நான் அதையும் எதிர்பார்த்துத்தான் மச்சான்ட கம்பியூட்டரப் பையில வெச்சுக் கொண்டுபோயிருந்தன். திறந்து அவருக்கு முன்னால வெச்சு, ‘இவர்தான்’ எண்டன். திரை முழுக்கச் சிவப்பு. மனிசன் கதிரையோட பின்னால போனார் பாரு! ‘மூடுங்க, மூடுங்க, எங்கட கம்பியூட்டர்களுக்கும் தொத்திரும்’ எண்டு, உள்ளுக்கு ஓடி, கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொண்டு வந்து தந்திட்டார். என்ட ஆயுசில ஒரு கந்தோர்ல இவ்வளவு கெதியா ஒரு வேல நடந்து நான் பார்த்ததில்ல.

அதோட விட்டிருக்கலாம். ஆனா வெளிநாட்டுக் கம்பனிக்காரன் அரசாங்கத்த மட்டும் நம்புவானா எண்டு எனக்கொரு சந்தேகம். பள்ளிக் கடிதமும் இருந்தா பலம்தானே. பள்ளிவாசல் செயலாளர் ஜௌபர் நானாட்டப் போனன். அவரிட்டக் கலியாணத்துக்குக் குடுக்கிற கடிதம் மட்டும்தான் அடிச்சு வெச்சிருக்கு, பேர் எழுதுற இடம் மட்டும் வெறுமை. அதில ‘புத்தளம் களப்பு நஞ்சுயிர்கள்’ எண்டு மச்சான்ட பக்கத்துட பேர எழுதித் தந்தார். ‘மேற்படி நபர் எமது மஹல்லாவைச் சேர்ந்தவர் என்றும், நல்லொழுக்கமுள்ளவர் என்றும், இதுவரை எவரையும் நிக்காஹ் செய்துகொள்ளாதவர் என்றும் உறுதிப்படுத்துகிறோம்.’ ‘நானா, கடைசி வரிய வெட்டுவமே’ எண்டன். ‘வெட்டினா செல்லாது தங்கச்சி. அதோட, அது பொய்யா?’ எண்டார். பொய்யில்லத்தான். நான் அந்தக் கடிதத்தக் கையில வெச்சுக்கொண்டு, பள்ளிட வாசல்ல செருப்புப் போட மறந்து நிண்டன் தம்பி. எங்களுக்கு அல்லாஹ் பிள்ளை தரல்ல, அதில எனக்கு அவனோட ஒரு மனக்குறையும் இல்ல. ஆனா ஊர்ல எல்லா வீட்டுக்கும் ஒரு நாள் வாற இந்தக் கடிதம், எங்கட வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தரம். அழுகை வந்திச்சு, சிரிப்பும் வந்திச்சு. வெயில் எண்டு சொல்லி முந்தானையால முகத்தத் துடைச்சுக்கொண்டு வந்திட்டன்.

ஜௌபர் நானாவுக்கு என்னப் பார்த்து இரக்கம் வந்திட்டுது. அந்த இரக்கத்திலதான் வினை. போன வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு, யாரும் எழும்ப முன்னம் மைக்க எடுத்து, ‘எமது மஹல்லாவைச் சேர்ந்த மஸாஹிர் சேர் அவர்களின் இணையத்தளம் ஆபத்தானது அல்ல என்பதையும், அவர் எவருடைய வங்கிப் பணத்தையும் எடுக்கவில்லை என்பதையும் சகலருக்கும் அறியத் தருகிறோம்’ எண்டு அறிவிச்சிருக்கார். வெளி ஒலிபெருக்கியும் அணைக்கல்ல. அதுவரைக்கும் கேள்விப்படாம இருந்தவங்க எல்லாரும் கேள்விப்பட்டாங்க. களப்புக்கு அந்தப் பக்கத்துக்கும் கதை போயிட்டுதாம். மச்சான் முன் வரிசையில இருந்திருக்கார். வீட்டுக்கு வந்து, தொப்பியக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, என்னத் தாண்டிப் போய்ப் படுத்திட்டார். ஏசியிருந்தா நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ரெண்டு ரக்காஅத் ஷுக்ரு தொழுதிருப்பன். ஏசல்ல.

இனி நீதான் செய்யணும். நான் சாடையாக் கேட்ட நேரம் நீ போன்ல, ‘ராத்தா, நான் சுப்பர்மாக்கட் ஸ்டோர்ல சாமான் வாறது போறதக் கம்பியூட்டர்ல பதியிறவன், எனக்கு அந்தக் கம்பனியில ஆரத் தெரியும்’ எண்டு சொன்னாய். அடக்கம் நல்லதுதான், ஆனா வீட்டாக்களிட்ட வேணாம். நீயும் கம்பியூட்டர், அவங்களும் கம்பியூட்டர். அவ்வளவு பணக்காரத் தேசத்தில அவங்களுக்கு ஒரு கந்தோர் இல்லாமலா இருக்கும்? லீவு நாளாப் பார்த்து, நல்ல சேர்ட் ஒண்டப் போட்டுக்கொண்டு, தலைய வாரிக்கொண்டு போ. பெருநாளுக்கு எடுத்த அந்த நீலச் சேர்ட் உனக்கு வடிவு. இத்தோட வெச்சிருக்கிற கடதாசிகளக் குடு. வாசல்ல இருக்கிறவனிட்டக் குடுத்திட்டு வராத, உள்ளுக்க போ. போய்ச் சொல்லு. பாம்பு வருது எண்டு கத்தினவனப் பிடிச்சு, நீதான் பாம்பு எண்டு அடைச்சு வெச்சிருக்கீங்களே, இது நியாயமா எண்டு கேளு. சத்தம் போடாம கேளு. அவங்களும் ஒரு தாய்ட பிள்ளைகள்தானே. ஒரு நாள் இஞ்சால வந்தா எங்கட வீட்டில தங்கலாம் எண்டும் சொல்லு, நல்ல இறால் ஆணம் வெச்சுத் தாறன், நஞ்சில்லாத மீனா மச்சானே தெரிஞ்சு வாங்குவார். அவர எழும்பி இறங்குதுறைக்குப் போக வெச்சாப் போதும்.

றைஸாட முதுகு வலிக்கு நான் போன தரம் அனுப்பின எண்ணெயத் தேய்க்கச் சொல்லு, அலுமாரியில வெச்சுப் பார்த்துக்கொண்டிருந்தா வலி போகாது. சின்னவன் பல்லு விழுந்ததக் காட்டினான், மாமி பார்த்தவ, இன்னும் வடிவாயிட்டான் எண்டு சொல்லு. உங்கட கதவால போற வாற வானத்து மலக்குமார் எல்லாம் உங்களுக்கு நல்லதையே எழுதட்டும். உங்கட வீட்டில தேத்தண்ணி ஆறாம இருக்கட்டும், ஆறினாலும் ஏச ஒரு ஆளும் ஏச்சு வாங்க ஒரு ஆளும் எப்பவும் இருக்கட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
உன் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன,
ராத்தா ஸுஹைரா

இணைப்பு: ஜீ.எஸ். நற்சான்றிதழ் (மேலொப்பத்துடன்), பள்ளிக் கடிதம், காணி உறுதியின் பிரதி (கேட்டால் மட்டும் காட்டவும்).

பி.கு.: தம்பி, கடித உறைய ஒட்ட முன்னம் அவசரமா எழுதுறன். அந்தக் கம்பனிக்குப் போகாத! சேர்ட்டக் கழட்டு!

நடந்தது என்னண்டா, பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னம், களப்புக்கு அந்தப் பக்கம் குறிஞ்சிப்பிட்டியில இருந்து ஒரு படகு வந்திச்சு. ஒரு புருஷன், பொஞ்சாதி, கையில துணியால மூடின தட்டில இனிப்பு வட்டிலப்பம். அந்தப் பிள்ளைட பேர் அஸ்கா, இப்பதான் கலியாணம் முடிச்சதாம். முற்றத்தில வந்து நிண்டு, ‘போன் செவக்கிற சேர்ட வீடு இதுதானே?’ எண்டு கேட்டா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்ல. மச்சான் வேற, சத்தம் கேட்டுக் கதவடிக்கு வந்து நிக்கார், முகம் சாம்பல். நான் வாயத் திறக்க முன்னம் அந்தப் பிள்ளை அழத் தொடங்கிட்டா.

நேத்து அவட மாப்பிள்ளை வலையில மிஞ்சின ஒரு மீன உரிச்சுக் கொண்டுவந்திருக்கார். பேத்தை. ஈரல எடுத்தாச் சாப்பிடலாம் எண்டு மாமி சட்டிய அடுப்பில வெச்சிட்டா. அஸ்காவுக்குச் சந்தேகம், ‘பேத்தை மீன் சாப்பிடலாமா’ எண்டு போன்ல தட்டியிருக்கா. முதலாவதா வந்தது மச்சான்ட பக்கம். அத அமத்தினா. ‘சேர், அமத்தின உடனே போன் முழுக்கச் செவந்து, பெரிய எழுத்தில ஆபத்து எண்டு வந்திச்சு. திரும்பிப் போங்க எண்டும் இருந்திச்சு. நான் கத்தின கத்தில மாமி சட்டியோட கொண்டுபோய் வளவுக்குள்ள புதைச்சிட்டா. இவ்வளவு விளக்கமா, கண்ணுல குத்துற மாதிரி எழுதி வெச்சிருக்கீங்களே சேர், ஒங்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளத் தரணும்’ எண்டா.

மச்சான் எழுதின பேத்தைப் பக்கம் எப்பிடி இருக்கும் எண்டு உனக்குத் தெரியாது. முதல்ல அதுட லத்தீன் பேர், பிறகு குடும்பம், பிறகு உலகத்தில எங்கெங்க இருக்கு, பல் எத்தனை. சாப்பிட்டா மௌத்து எண்டது கடைசிப் பந்தியில. அது திறந்திருந்தா அந்தப் பிள்ளை பல்ல எண்ணி முடிக்க முன்னம் ஆணம் கொதிச்சிருக்கும். இத நான் சொல்லல்ல, அவரே சொன்னார். சொல்லிட்டுச் சிரிச்சார் தம்பி. கதவு நிலையப் பிடிச்சுக்கொண்டு, கண்ணால தண்ணி வர வரச் சிரிச்சார். அந்தப் பிள்ளையும் விளங்காமலே சிரிச்சா. பிறகு சட்டெண்டு நிப்பாட்டிட்டு, ‘தோல் என்ன நிறம்? முதுகில புள்ளி இருந்ததா? தலை எங்க? தலையையும் புதைச்சாச்சா?’ எண்டு அந்தப் பொடியனப் பிடிச்சு உலுக்கத் தொடங்கினார். ‘சேர், அது புதைச்ச மீன்’ எண்டான் அவன். ‘அதனாலதான் கேக்கிறன், மண்வெட்டி ஒங்கட்ட இருக்கா?’ எண்டார். வட்டிலப்பத்தில ஒரு துண்டு வாயில, சாரன மடிச்சுக் கட்டிக்கொண்டு, ஆள் அவங்கட படகுக்கே போயிட்டார்.

ஆகையால் நீ அந்தக் கம்பனிக்காரரிட்ட ஒண்டும் சொல்லாத. அவசியம் எண்டா ஒரு கடிதம் மட்டும் போடு, பேத்தைப் பக்கத்த மட்டும் சிவப்பாவே விடச் சொல்லு, மற்றதுகள வெள்ளையாக்கிறது அவங்கட வசதி. அவசரமில்ல. பேத்தைக்கு அவங்க சிவப்ப எடுத்தாலும் தானே முதல் வரியிலேயே சிவப்புப் பூசுறன் எண்டு இவர் சொல்லிட்டார். நற்சான்றிதழ வாசிச்சிட்டுத் திருப்பி அனுப்பு, பள்ளிக் கடிதத்த மட்டும் உறையில இருந்து எடுத்திட்டன், அத நான் அலுமாரியில வைக்கப் போறன்.

படகு வெளிக்கிடுற நேரம் இவர் இறங்குதுறையில இருந்து, ‘ஸுஹைரா! மூடி உள்ள போத்தல் எங்க? பெரிய போத்தல்!’ எண்டு ஊருக்கே கேக்கக் கத்தினார். போத்தல் என்ட கையிலதான் இருந்திச்சு. குசினிக் கதவுக்குப் பின்னால பேசாம நிண்டன். இன்னொரு தரம் கத்தினார். மூணாந்தரமும் கேட்டுட்டுத்தான் எடுத்துக்கொண்டு ஓடினன்.